எதிரியின் வாயிலிருந்து வந்த நற்சான்று: ஜான் பிரவுனுக்காகப் பேசியவர்கள் ஏன் பிறர் சொல்லை நாடினார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுனை ஆதரித்து 1859-இல் மேடையேறியவர்களின் உரைகளைப் படித்தால், அவர்கள் தம் சொந்தச் சொற்களை நம்பாதவர்கள் போலப் பிறர் சொன்னவற்றையே அடிக்கடி எடுத்துரைக்கிறார்கள், அதிலும் பிரவுனைத் தூக்கிலிட முனைந்தவர்களின் சொற்களைத் தேடி எடுக்கிறார்கள். இது ஏன்? சொல்லச் சொந்த வாதம் இல்லையா, அச்சமா, வெறும் மேடைப் பழக்கமா?

அச்சத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மேடைப் பழக்கத்துக்கும் உண்டு. ஆனால் முதன்மையான காரணம் வேறு என்றே நினைக்கிறேன். பிரவுனை ஒட்டி அந்த இலையுதிர் காலத்தில் எழுந்த சச்சரவு, அடிமை முறை தீயதா என்ற கொள்கைச் சச்சரவாக இருக்கவில்லை. வட மாநிலங்களில் அதைத் தீயது என்று ஏற்றுக்கொண்டவர்களே பிரவுனை விட்டு விலகி நின்றார்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர், சித்தம் கலங்கியவரா, கொள்ளைக்காரரா, தெளிந்த அறிவோடு தம் உயிரைப் பணயம் வைத்தவரா என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. ஒரு மனிதரின் குணத்தை வாதத்தால் நிறுவ முடியாது, அதற்குச் சாட்சி வேண்டும். சாட்சியோ அவருக்கு வேண்டப்பட்டவராக இருந்தால் எடுபடாது. இந்த நெருக்கடிதான் அவர்களைப் பிறர் சொல்லின் பக்கம் தள்ளியது.

நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1859 அக்டோபர் 16 ஞாயிறு இரவு, பிரவுன் 21 பேர் கொண்ட தம் படையுடன் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில் இருந்த அமெரிக்க அரசின் ஆயுதக்கிடங்கைக் கைப்பற்றினார். அந்த 21 பேரில் ஐவர் கறுப்பினத்தவர். சுற்றுப்புற அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து, மலைகளில் நிலைகொண்டு, அடிமை முறையைக் குலைப்பது திட்டம். ஒன்றரை நாளில் அது முடிந்துபோனது. ராணுவ அதிகாரி ராபர்ட் ஈ. லீயின் தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் அக்டோபர் 18 காலையில் அவரைக் காயங்களுடன் பிடித்தார்கள். ஆலிவர், வாட்சன் என்ற அவருடைய இரண்டு மகன்கள் அந்தச் சண்டையில் உயிரிழந்தார்கள். வர்ஜீனியாவுக்கு எதிரான தேசத்துரோகம், கொலை, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியது என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் வழக்கு விரைந்து நடந்து, நவம்பர் 2-இல் தண்டனை கூறப்பட்டு, டிசம்பர் 2-இல் சார்லஸ் டவுனில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் உயிரோடிருந்த அந்தச் சில வாரங்களில் அவருக்காக முதலில் வாய் திறந்தவர்களுள் ஒருவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரைச் சேர்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. அக்டோபர் 30 மாலை பேசப்போவதாக அவர் அறிவித்தபோது, குடியரசுக் கட்சிக்காரர்களும் அடிமை ஒழிப்பு நண்பர்களுமே இது உகந்த நேரமல்ல என்று சொல்லியனுப்பினார்கள். உங்களிடம் ஆலோசனை கேட்டு ஆளனுப்பவில்லை, நான் பேசப்போகிறேன் என்று அறிவிக்கவே அனுப்பினேன் என்று அவர் பதில் சொன்னார். இப்படிப் பதில் சொல்கிற மனிதருக்குத் துணிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் அந்த உரையில்தான் மேற்கோள்கள் நிரம்பி வழிகின்றன. ஆகவே மேற்கோளுக்குக் காரணம் கோழைத்தனம் என்ற எளிய விளக்கம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

உரையின் தொடக்கத்திலேயே அவர் ஓர் ஒப்புதல் தருகிறார்: கேப்டன் பிரவுனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, செய்தித்தாள்களின் போக்கையும் அவற்றின் கூற்றுகளையும் திருத்த என்னாலானதைச் செய்யவே வந்திருக்கிறேன் என்கிறார். இது அவையடக்கம் மட்டுமல்ல, உண்மையும்கூட. பிரவுன் 1857-இலும் 1859-இலும் நிதி திரட்டக் கான்கார்டுக்கு வந்திருந்தார்; தோரோ அவரைச் சந்தித்திருந்தார்; அவ்வளவுதான். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் நடந்தது என்ன என்று கான்கார்டில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? தந்தி வழியாக வந்து செய்தித்தாளில் அச்சானதுதான் தெரியும். அந்தச் செய்திகளைத் தந்தவர்களோ பிரவுனைப் பிடித்தவர்கள், விசாரித்தவர்கள், அவரிடம் பிணைக்கைதியாக இருந்து மீண்டவர்கள். பிரவுனின் நடத்தையைக் கண்ணால் கண்ட சாட்சிகள் அனைவரும் எதிர்த் தரப்பில்தான் இருந்தார்கள். அவர் பக்கம் நின்று கண்டவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள், அல்லது ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எனவே தோரோ வர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். பிடிபட்ட பிரவுனைத் தரையில் கிடத்தி மணிக்கணக்காகக் கேள்வி கேட்டவர்களில் வைஸும் ஒருவர். தம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குத் திரும்பியதும் அவர் பேசிய பேச்சு வடக்கே அச்சானது. அதன் சாரம் இது: பிரவுனைப் பைத்தியம் என்று கருதுகிறவர்கள்தாம் ஏமாந்தவர்கள். வெட்டுப்பட்டு, குத்துப்பட்டு, இரத்தம் ஒழுகக் கட்டுண்டு கிடந்தபோதும் அவரைப் போல நரம்புறுதி கொண்டவரை நான் கண்டதில்லை. தெளிந்த தலை, துணிவு, கபடமின்மை எல்லாம் அவரிடம் உண்டு. பிடித்துவைத்திருந்தவர்களை மனிதத்தன்மையோடு நடத்தினார் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும் என்ற பொருளில் வைஸ் பேசியிருந்தார். அதே பேச்சில் அவர் இன்னொருவரின் சொல்லையும் எடுத்துரைத்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வழித்தோன்றலான லூயிஸ் வாஷிங்டன் அன்றிரவு பிரவுனின் பிணைக்கைதி. ஒரு மகன் பக்கத்தில் பிணமாகக் கிடக்க, இன்னொருவன் குண்டடிபட்டு உயிருக்குப் போராட, பிரவுன் ஒரு கையால் மகனின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு மறு கையில் துப்பாக்கியுடன் தம் ஆட்களுக்குக் கலக்கமின்றி ஆணையிட்டார் என்பது லூயிஸ் வாஷிங்டன் தந்த செய்தி. பிணைக்கைதி சொன்னதை ஆளுநர் சொல்ல, ஆளுநர் சொன்னதைத் தோரோ சொல்கிறார். மூன்று வாய் மாறி வந்தும் அந்தச் செய்தியின் வலிமை குறையவில்லை, கூடியது; ஏனென்றால் முதல் இரண்டு வாய்களுக்கும் பிரவுனைப் புகழ எந்தத் தேவையும் இருக்கவில்லை.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் பிறழ்சாட்சி என்ற சொல்லை அடிக்கடி பார்க்கிறோம். தன் தரப்புச் சாட்சி எதிர்த் தரப்புக்குச் சாய்ந்துவிட்டால் வழக்கு படுத்துவிடும். தோரோவுக்கு வாய்த்தது அதன் மறுபக்கம். எதிர்த் தரப்பின் தலைமைச் சாட்சியே அவருக்காகப் பிறழ்ந்து பேசியிருந்தார். அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்குத் தோரோ அத்தனை வெகுளி அல்லர்.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வைஸ் வெறும் புகழ்மாலை சூட்டிவிட்டுப் போகவில்லை. பிரவுன் ஒரு வெறியர், தற்பெருமைக்காரர், வாயாடி என்றும் அதே மூச்சில் சொன்னார். உடனே, ஆனால் உறுதியானவர், உண்மை பேசுபவர், அறிவுள்ளவர் என்று முடித்தார். தோரோ முதற்பகுதியை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. வெறியர், தற்பெருமைக்காரர், வாயாடி என்பதைப் படித்துக்காட்டிவிட்டு, அந்தப் பகுதியை நான் திருவாளர் வைஸிடமே விட்டுவிடுகிறேன் என்று ஓர் இடைச்சொல் சொல்லி மேலே போகிறார். மேற்கோள் காட்டும் கலையில் இதைவிட நேர்மையும் தந்திரமும் கலந்த வரியை நான் அதிகம் கண்டதில்லை. வசையை மறைக்காததால் புகழ் நம்பத்தக்கதாகிறது. வசையை அதைச் சொன்னவர் தலையிலேயே கட்டிவிடுவதால் பேச்சாளருக்கு அதனால் சேதம் இல்லை. பிறர் சொல்லை எடுத்தாள்வது எந்த அளவுக்குச் சொந்த வாதமாகிறது என்பதை அறிய அந்த ஒரு வரி போதும்.

வைஸ் ஏன் அப்படிப் பேசினார் என்பதையும் கேட்டாக வேண்டும், ஏனெனில் எதிரியின் பாராட்டும் இலவசமாக வருவதில்லை. இருபது சொச்சம் பேர் ஓர் ஊரையே ஒன்றரை நாள் பிடித்து வைத்திருந்தது வர்ஜீனியாவுக்கு மானக்கேடு. பிடித்தவர் ஒரு பைத்தியக்காரர் என்றால் அந்த மானக்கேடு இரட்டிப்பாகும். அவர் அஞ்சத்தக்க வீரர் என்றால் கொஞ்சம் குறையும். மேலும், சித்தம் கலங்கியவரைத் தூக்கிலிட முடியாது, தெளிந்த அறிவுள்ளவரைத்தான் தூக்கிலிட முடியும். ஆக, வைஸ் கொடுத்த நற்சான்று தூக்குக் கயிற்றின் ஓர் இழையும்கூட. தோரோ இதைத் தம் அவையிடம் விளக்கவில்லை. ஒஹாயோ மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் சென்ற உறுப்பினர் கிளமென்ட் வல்லண்டிகம் சொன்னதையும் அவர் எடுத்தாள்கிறார்: பிரவுனையோ அவருடைய சதியையோ குறைத்து மதிப்பிடுவது வீண், சாதாரண முரடர், வெறியர், பைத்தியக்காரர் என்ற வகையினரிடமிருந்து அவர் வெகு தூரம் விலகியவர் என்றார் வல்லண்டிகம். ஆனால் வல்லண்டிகத்தின் நோக்கம் வேறு. வடக்கே பிரவுனுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்த பெரிய மனிதர்களை மாட்டவைக்க வேண்டுமானால் சதி பெரியதாகவும் சதிகாரர் திறமைசாலியாகவும் இருந்தாக வேண்டும். இந்தச் சாட்சியத்தின் மதிப்பு சற்றுக் குறைவுதான் என்று தோரோவே சொல்லிவிடுவது, அவருக்கும் இது புரிந்திருந்தது என்பதற்கு அடையாளம்.

பைத்தியம் என்ற சொல் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்றால், அது பிரவுனின் பகைவர்களைவிட அவருடைய நலம் விரும்பிகளுக்கே அதிகம் தேவைப்பட்டது. ஒஹாயோவின் ஆக்ரன் ஊரிலிருந்து, அவருடைய தாய்வழிக் குடும்பத்தில் மனநோய் உண்டு என்று செய்தி வந்தது. அதைக் கொண்டு உயிரையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தார்கள். அந்த வழியில் தம்மைக் காப்பாற்றும் முயற்சியைத் தாம் ஏற்கவில்லை என்று பிரவுனே நீதிமன்றத்தில் மறுத்துவிட்டார். நியூ இங்கிலாந்தின் மதிப்புமிக்க ஏடுகளோ, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் ஏடு உட்பட, இதைச் சித்தப்பிரமையின் முயற்சி என்று எழுதின. நண்பர்கள் பைத்தியம் என்கிறார்கள், பகைவர் இல்லை என்கிறார். இந்தத் தலைகீழ் நிலையில் பகைவரின் சொல்லை எடுத்துக்காட்டுவதைவிடக் கூர்மையான வாதம் வேறு என்ன இருக்க முடியும்?

தோரோ இன்னொரு வகை மேற்கோளையும் கையாளுகிறார். அதில் சாட்சியம் இல்லை, கேலிதான் இருக்கிறது. பெயர் சொல்லாத அண்டை வீட்டார் பேசியவற்றை அப்படியே அவையில் வைக்கிறார். உயிரை வீணாக எறிந்துவிட்டார் என்கிறார் ஒருவர். இதனால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கிறார் இன்னொருவர். ஆமாம், தூக்கில் தொங்குவதற்கு நாளொன்றுக்கு நாலரை ஷில்லிங் கூலி கிடைக்காதுதான் என்று தோரோ பதில் சொல்கிறார். அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தங்கள் சொல்லையே பேச்சாளர் வாயில் கேட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு, தீர்மானமான இடத்தில் அவர் யாருடைய தோளிலும் ஏறி நிற்கவில்லை. அடிமையை மீட்க அடிமை உடைமையாளனிடம் வன்முறையால் குறுக்கிட ஒரு மனிதனுக்கு முழு உரிமை உண்டு என்பது பிரவுனின் தனிக் கொள்கை என்று எடுத்துச் சொல்லி, நான் அவருடன் உடன்படுகிறேன் என்று மிகக் குறுகிய ஒரு வாக்கியம் சேர்க்கிறார். குணத்துக்குப் பிறரின் சாட்சியம், கொள்கைக்குத் தம் சொந்த ஒப்பம் என்று அவர் வகுத்துக்கொண்டார். உயிருக்காக மன்றாடவில்லை, அவருடைய குணத்துக்காக, அழியாத வாழ்வுக்காக மன்றாடுகிறேன் என்று அவர் சொன்னதையும் இதனோடு வைத்துப் படிக்க வேண்டும்.

பிரவுன் நவம்பர் 2-இல் நீதிமன்றத்தில் பேசிய சில நிமிடப் பேச்சு வெளிவந்த பின் நிலைமை மாறியது. அதுவரை விசாரணையின்போது அவர் அளித்த பதில்கள்தாம் கிடைத்தன. இப்போது அவருடைய வாக்குமூலமே கிடைத்துவிட்டது. செல்வந்தர்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் நான் இப்படிக் குறுக்கிட்டு இதே துன்பத்தை அடைந்திருந்தால், இந்த மன்றத்தில் உள்ள ஒவ்வொருவரும் அதைத் தண்டனைக்கு அல்ல, பரிசுக்கு உரிய செயலாகவே கருதியிருப்பார்கள் என்றார் அவர். பிறர் உனக்குச் செய்ய வேண்டும் என விரும்புவதை நீ பிறருக்குச் செய் என்ற பைபிள் வாக்கையும், கட்டுண்டவர்களோடு நீயும் கட்டுண்டவன் போல அவர்களை நினை என்ற வாக்கையும் நீதிமன்றத்தில் முத்தமிடப்படும் அதே புத்தகத்திலிருந்து எடுத்துக்காட்டினார். தற்காத்துப் பேசுகிறவர்கள் மட்டுமல்ல, தற்காக்கப்பட்டவரே மேற்கோளால்தான் பேசினார். தென் மாநிலத்தவரும் தலைமேல் வைத்திருந்த நூலை அவர்களுக்கு எதிராகவே திருப்பிய செயல் அது. அதன் பிறகு பிரவுனின் ஆதரவாளர்களுக்குப் பெரும்பாலும் அவரை வாசித்துக்காட்டினாலே போதுமாயிற்று. தூக்குத் தண்டனை நாளன்று பாஸ்டனில் கூடிய கூட்டத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் அந்தப் பேச்சை வாசித்தார். கேரிசன் ஆயுதத்தையே ஏற்காதவர்; முப்பது ஆண்டுகளாக அறவழியையே போதித்தவர். அப்படிப்பட்டவர் பிரவுனின் சொல்லை முன்னிறுத்தி, அவருடைய முயற்சி நியாயமா என்றால், அமெரிக்க விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய ஜார்ஜ் வாஷிங்டனின் முயற்சி நியாயம் என்றால் இதுவும் நியாயம் என்று வாதிட்டது, தம் கொள்கையைக் கைவிடாமலும் மனிதரைக் கைவிடாமலும் இருக்க அவர் கண்ட வழி. அது சற்று வளைந்த வழி என்பதையும் மறுப்பதற்கில்லை.

கான்கார்டின் இன்னொரு எழுத்தாளரான ரால்ஃப் வால்டோ எமர்சன், எதிரியின் நற்சான்றையே ஒரு தர்க்கமாக்கினார். நவம்பர் 18-இல் பிரவுன் குடும்பத்தின் உதவிக்காகப் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில் அவர் வைஸின் பாராட்டை எடுத்துக்கொண்டார். தாம் சந்தித்தவர்களுள் நேர்மையும் உண்மையும் துணிவும் மிக்கவர் என்று தாமே சொல்லும் ஒருவரை ஆளுநர் தூக்கிலிட நேர்கிறது என்றால், அடிமை முறையின் அபத்தத்தை அதுவே நிரூபித்துவிடுகிறது என்றார். தோரோ கையில் சாட்சியமாக இருந்தது எமர்சன் கையில் முரண்பாட்டு நிரூபணமாகிறது. ஒரே மேற்கோள், இரண்டு பயன்கள்.

எமர்சனிடம் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. பிரவுன் துன்புற்று இறந்தால் தூக்குமரத்தைச் சிலுவை போல் மகிமைப்படுத்துவார் என்று அதற்குச் சில நாள் முன்பு ஓர் உரையில் அவர் சொன்னதுதான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கொதிப்பைக் கிளப்பியது. தெற்கே அதைக் கடவுள் நிந்தனை என்றார்கள். அந்தக் கருத்து அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. கென்டக்கியில் அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, தம் பங்குக்கு வந்த அடிமைகளை விடுவித்த மேட்டி கிரிஃபித் என்ற பெண் அப்படிச் சொன்னதாக எமர்சன் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் மேடையில் சொன்ன பின் அது எமர்சனின் வாக்காகவே உலவியது. பத்தாண்டுகளுக்குப் பின் அந்த உரையை நூலில் சேர்த்தபோது அந்த வரியை அவர் விட்டுவிட்டார். மேற்கோள் கேடயமாகப் பயன்படும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். யார் வாயில் கடைசியாக ஒலித்ததோ அவர் தலையில்தான் பழி விடியும்.

அச்சத்தின் பங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரவுனுக்குப் பணம் கொடுத்த ஆறு பேரில் சிலர் கனடாவுக்குச் சென்றார்கள். ஒருவர் மனநோய் விடுதியில் சேர்ந்தார். செனட் சபை வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவையே அமைத்தது. இந்தச் சூழலில் பிரவுனின் திட்டம் எனக்குத் தெரியும் என்று தொனிக்கிற எந்த வாக்கியமும் ஆபத்து. செய்தித்தாளில் வந்ததைப் படித்துக்காட்டுவதில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் திட்டத்தை உண்மையாகவே அறிந்தவர்கள் பெரும்பாலும் மேற்கோளுடனோ மேற்கோள் இல்லாமலோ அந்த வாரங்களில் மேடையேறவே இல்லை, மேடையேறியவர்கள் அறியாதவர்கள். ஆகவே அச்சம் மௌனத்தை விளக்கும் அளவுக்கு மேற்கோளை விளக்கவில்லை.

பிரவுனின் வழிமுறையை ஏற்காமலே அவரைத் தற்காத்தவர்களுக்குத்தான் மேற்கோள் இன்னும் அதிகம் பயன்பட்டது. லிடியா மரியா சைல்ட் என்ற எழுத்தாளர், காயம்பட்ட பிரவுனுக்குச் சிறையில் பணிவிடை செய்ய அனுமதி கேட்டு ஆளுநர் வைஸின் வழியாகக் கடிதம் அனுப்பினார். வழிமுறையில் தமக்கு உடன்பாடில்லை என்பதை அதிலேயே சொல்லிவிட்டார். செனட்டர் மேசனின் மனைவி அவரைக் கடிந்து எழுதி, ஏழைத் தாய்மார்களின் பேறுகாலத்தில் நாங்கள் உதவுவது போல் நீங்கள் உதவுவீர்களா என்று கேட்டார். சைல்ட் தம் பதிலில் வேத வசனங்களை வரிசையாக அடுக்கினார். தென் மாநிலச் சட்டங்களையே எடுத்துவைத்தார். தாய்மார்களுக்கு நாங்களும் உதவுகிறோம், ஆனால் உதவிய பின் அவர்களின் குழந்தைகளை விற்பதில்லை என்று தம் சொந்த வாக்கியத்தை இடையில் செருகினார். எடுத்த சொற்களுக்கு நடுவே விழும் அந்த ஒற்றைச் சொந்த வாக்கியம் சாட்டை போலிருக்கிறது. அந்தக் கடிதப் போக்குவரத்து சிறுநூலாக வெளிவந்து பெருமளவில் விற்றது. இந்த முறை அவர்களுக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன், 1839-இல், தியோடர் வெல்ட் என்பவர் தென் மாநிலச் செய்தித்தாள்களிலிருந்து ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்களைக் கத்தரித்து, தழும்பு இங்கே, சூட்டுக்குறி அங்கே என்று உடைமையாளர்களே அடையாளம் சொன்னதை அப்படியே தொகுத்துப் பெரும் நூலாக்கியிருந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு எதிரியின் வாய்மொழி ஒரு பயிற்சி பெற்ற ஆயுதம். தப்பி வந்த அடிமை சொன்னால் மிகைப்படுத்துகிறான் என்பார்கள், வடக்கத்தியர் சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார்கள். உடைமையாளன் காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தை யார் மறுப்பது?

ஒப்பீட்டுக்காக எதிர்ப்பக்கத்தையும் பார்க்கலாம். 1860 பிப்ரவரி 27-இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசிய ஆபிரகாம் லிங்கன், குடியரசுக் கட்சியைப் பிரவுனிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மக்களின் ஒடுக்குமுறையை எண்ணி எண்ணி, தம்மை விண்ணகமே நியமித்ததாகக் கற்பனை செய்துகொள்ளும் வெறியர்களின் வரிசையில் அவரை வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த உரையில் பிரவுனின் சொல் ஒன்றுகூட இல்லை. விலக்கிவைக்க நினைப்பவர் அவரைப் பேசவிட மாட்டார். தற்காக்க நினைப்பவர் அவரைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்குவார்.

இப்படி ஒதுங்குவதன் உச்சம் கான்கார்டு ஊரில் டிசம்பர் 2-இல் நடந்த நினைவுக் கூட்டம். தோரோ, எமர்சன், அவர்களின் நண்பரான கல்வியாளர் பிரான்சன் ஆல்காட் ஆகியோர் ஏற்பாடு செய்த அந்தக் கூட்டம் பெரும்பாலும் வாசிப்பாகவே நடந்தது. எமர்சன் பிரவுனின் சொற்களை வாசித்தார். தோரோ பழைய ஆங்கிலக் கவிஞர்களின் வரிகளையும், ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தம் மாமனாரைப் பற்றி எழுதிய இரங்கற்பகுதியைத் தாமே மொழிபெயர்த்தும் வாசித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலாகவே அமைகிறது: நான் எழுதிவைத்த கவிதைக் குறிப்பேட்டைப் புரட்டும்போது, அதில் உள்ள சிறந்த வரிகள் பெரும்பாலும் கேப்டன் பிரவுனுக்குப் பொருந்துகின்றன, எந்த உயர்ந்த கவிதையையும் அவருக்கான இரங்கற்பாவாகவோ புகழுரையாகவோ படிக்கலாம் என்றார். இங்கே மேற்கோளின் வேலையே மாறிவிடுகிறது. அக்டோபரில் அது சாட்சியம்; டிசம்பரில் அது உறவு காட்டுதல். அன்று காலை தூக்கிலிடப்பட்ட குற்றவாளியை, நெடுங்காலமாக மதிக்கப்பட்டு வரும் மனிதர்களின் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைப்பது அதன் நோக்கம். அந்த வரிகளை எழுதியவர்கள் யாரும் பிரவுனை அறிந்தவர்கள் அல்லர் என்பதே அதன் பலம்.

இனி, இந்த முறையின் குறையையும் சொல்லாமல் விட்டால் நான் பக்கச்சார்பாகப் பேசியவனாவேன். மேற்கோள் எதைக் காட்டுகிறதோ அதைவிட எதை மறைக்கிறது என்பது சில நேரம் பெரியது. 1856 மே 24 இரவு, கன்சாஸ் பகுதியின் பொட்டவாட்டமி ஓடைக்கரையில், அடிமை முறையை ஆதரித்த ஐந்து குடியேறிகள் வீடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டு வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழுவை நடத்திச் சென்றவர் பிரவுன். 1859-இன் தற்காப்பு உரைகளில் இதற்கு இடமே இல்லை. பிரவுனின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ரெட்பாத் அவர் அங்கே இருக்கவில்லை என்றே எழுதினார். அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் டவுன்ஸ்லி என்பவரின் வாக்குமூலம் 1879-இல் வெளிவந்த பிறகுதான் மறுக்க வழியில்லாமல் போனது. வைஸும் லூயிஸ் வாஷிங்டனும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் கண்டதை மட்டுமே சொல்ல முடியும். அவர்களின் சாட்சியத்தையே நம்பி நின்றதால் கன்சாஸைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் பேச்சாளர்களுக்கு வரவில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலும் முதலில் சுடப்பட்டு இறந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர், ரயில் நிலையத்தில் சுமை பார்த்தவர். மேற்கோள்களின் நடுவே அவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

நீதிமன்றப் பேச்சும் அப்படியே. கொலையோ கிளர்ச்சியோ தம் நோக்கம் அல்ல, அடிமைகளை அழைத்துச் சென்று விடுவிப்பதே நோக்கம் என்று பிரவுன் அதில் சொன்னது முழு உண்மை அல்ல. சில வாரங்களில் அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பகுதியைப் பிரவுனே திருத்திக்கொண்டார். ஆனால் மக்கள் மனப்பாடம் செய்தது பேச்சைத்தான், திருத்தத்தை அல்ல. எமர்சன் 1865-இல் லிங்கனின் மறைவையொட்டிப் பேசியபோது, உள்நாட்டுப் போரில் இறந்தவர்களை நினைந்து லிங்கன் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரைக்கு ஒப்பாக வைக்கத்தக்க அமெரிக்கப் பேச்சு ஒன்று உண்டென்றால் அது பிரவுனின் நீதிமன்றப் பேச்சு என்றார். பேச்சின் அழகைப் பொறுத்தவரை அந்த மதிப்பீட்டோடு எனக்குச் சண்டையில்லை.

ஃபிரெடரிக் டக்ளஸை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய நிலை மற்ற எவருக்கும் வாய்க்காதது. அடிமையாகப் பிறந்து தப்பியவர். பிரவுனின் நெடுநாள் நண்பர். 1859 ஆகஸ்டில் சேம்பர்ஸ்பர்க் ஊர்க் கல்குவாரி ஒன்றில் பிரவுன் தம்மோடு வருமாறு அழைத்தபோது, இது எஃகுப் பொறிக்குள் போவது என்று மறுத்தவர். உடன் வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் என்ற தப்பிய அடிமையோ அந்தக் கிழவருடனேயே போகிறேன் என்று சொல்லிப் போய், பின்பு தூக்கிலிடப்பட்டார். பிரவுன் பிடிபட்டதும் டக்ளஸ் கனடா வழியாக இங்கிலாந்து செல்ல வேண்டியதாயிற்று. பாஸ்டனில் நவம்பர் 1-இல் அவர் பேச வேண்டியிருந்த மேடையில் அவருக்குப் பதிலாகப் பேசியவர் தோரோ. பிரவுனை நேரில் அறிந்தவர் ஓடிக்கொண்டிருக்க, அதிகம் அறியாதவர் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காக வாதாடினார் என்பது அந்தக் காலத்தின் விசித்திரம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1881 மே 30-இல், அதே ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட ஸ்டோரர் கல்லூரியில் டக்ளஸ் பிரவுனைப் பற்றிப் பேசினார். அங்கே அவருக்குச் சாட்சி தேடும் தேவை இல்லை, அவரே சாட்சி. அவர் சொன்னது இது: என் இன மக்களின் விடுதலையில் பிரவுன் காட்டிய ஆர்வம் என்னுடையதைவிடப் பெரிது. அது எரியும் சூரியன் என்றால் என்னுடையது மெழுகுவத்தி. அடிமைக்காக என்னால் வாழ முடிந்தது, அவரால் சாக முடிந்தது என்றார். இவ்வளவு நேரடியாகச் சொல்ல 1859-இல் வெள்ளையின ஆதரவாளர் எவருக்கும் உரிமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அவர்கள் வைஸிடம் போனார்கள்.

ஆனால் அந்த நாளிலும் எதிரியின் சொல் வந்து சேர்ந்தது, இம்முறை தானாகவே. மேடையில் டக்ளஸுக்கு அருகே அமர்ந்திருந்தவர்களில் ஒருவர், பிரவுனைத் தூக்கு மேடைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டர். உரை முடிந்ததும் அவர் எழுந்து வந்து டக்ளஸின் கையைப் பிடித்துப் பாராட்டினார்; ராபர்ட் ஈ. லீ உயிரோடு இங்கே இருந்திருந்தால் அவரும் உங்களுக்குக் கை கொடுத்திருப்பார் என்றார். சார்லஸ் டவுனில் உள்ள தம் வீட்டுக்கு வந்தால், பிரவுன் சிறையிலும் வழக்கின்போதும் சொன்னவை, நடந்துகொண்ட விதம் பற்றிச் சில செய்திகள் தருவதாகவும் அழைத்தார். டக்ளஸ் இதையெல்லாம் தம் தன்வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். வேறு வேலைகள் இருந்ததால் அந்த அழைப்பை ஏற்க முடியாமல் போயிற்றே என்ற வருத்தத்தையும் அங்கேயே பதிந்திருக்கிறார்.